நாற்பத்தோரு பேரின் ஒரே தவறு

நாற்பத்திரண்டு பேர் ஒரு தேர்வு எழுதினார்கள். அறுபது கேள்விகள். முப்பத்தேழாவது கேள்விக்கு மட்டும் நாற்பத்தோரு பேர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தார்கள். காப்பி அடித்தார்கள் என்றால், மற்ற ஐம்பத்தொன்பது கேள்விகளில் ஏன் அடிக்கவில்லை? காப்பி அடிக்கவில்லை என்றால்...

இந்த இரண்டாவது 'என்றால்' என்ற இடத்தில் நம்ஸ்ராய் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அதற்குள் அவருடைய உப்புப் பால்தேநீரின் மேல் ஆடை படர்ந்துவிட்டது.

உலான்பாத்தரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். பதினைந்து வருடம் அரசாங்கப் போலீசில் குற்றப் புலனாய்வு செய்தவர். ஆட்சி மாறியதும் நாடே தனியார்மயமானது, அவரும் ஆனார். வரும்போது போலீஸ் இலாகாவிலிருந்து இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று, தட்டச்சு இயந்திரம். இன்னொன்று, அதைத் தட்டிக்கொண்டிருந்த துல்மா. துல்மா தன் வாழ்நாளில் ஏழாயிரம் வாக்குமூலங்களைத் தட்டியவள். அவற்றில் அவள் நம்பியது மூன்றை.

"அண்ணே, ஒரு கேள்விக்கு மட்டும் காப்பி அடிக்கிறவன் சோம்பேறி. அதையும் தப்பா அடிக்கிறவன் முட்டாள். நாற்பத்தோரு பேரும் சோம்பேறி முட்டாளா இருக்கணும்னா, அது வகுப்பு இல்ல, அமைச்சரவை" என்றாள் துல்மா.

எதிரே உட்கார்ந்திருந்த ஹந்த்சுரேன் டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இருபத்திரண்டு வருடம் ரஷ்ய மொழி கற்பித்தவர். ஒரு வெள்ளிக்கிழமை வரை ரஷ்ய மொழி டீச்சர். திங்கட்கிழமை முதல் ஆங்கில டீச்சர். நடுவில் சனியும் ஞாயிறும் இருந்ததால் அவகாசம் தாராளம் என்று அமைச்சகம் கருதியது. அதன் பிறகு வியன்னாவிலிருந்து 'புதிய ஜன்னல்' என்ற அறக்கட்டளை வந்து, இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கி, டீச்சருக்கு நிஜமாகவே ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது. அந்த அறக்கட்டளைதான் இப்போது அவரைத் திருடி என்கிறது.

"வியன்னாவுல ஒரு மெஷின் இருக்காம் சார். அதுதான் கண்டுபிடிச்சுதாம்."

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. அது சரியான விடைகளைக் கண்டுகொள்வதே இல்லை. சரியான பாதை ஒன்றுதான். எல்லோரும் அதில் நடக்கலாம். ஆனால் வழி தவறுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் தவறுவார்கள். எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுந்து கிடந்தால், யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். இயந்திரம் பள்ளங்களை மட்டும் எண்ணும். மற்ற பதினோரு நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சரியாக எழுதிய கேள்வி அது. மங்கோலியாவில் நாற்பத்தோரு பேர் ஒரே பள்ளத்தில்.

"கைகாட்டினது நான்தான்னு எங்க தலைவர் யோந்தோன் எழுதிக் கொடுத்துட்டார். வியன்னாவுலேர்ந்து லெஹ்னர் அம்மா வந்திருக்காங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அறிக்கையில கையெழுத்துப் போடுவாங்க. போட்டா எனக்கு வேலை போச்சு. இனிமே எந்தப் பள்ளிக்கூடமும் என்னை வாசப்படி ஏத்தாது. என் மாணவங்க நாற்பத்தோரு பேரோட சான்றிதழும் குப்பை."

"கேள்வி என்ன?" என்றார் நம்ஸ்ராய்.

"தெரியாது சார். வினாத்தாளை டீச்சர் பார்க்கக்கூடாது. தேர்வு முடிஞ்சதும் தலைவர் அறையில திருத்தி, சீல் வெச்சு விமானத்துல ஏத்திடுவாங்க. வெளியில சொல்லமாட்டோம்னு மாணவங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. எனக்கு வந்தது இந்தப் பட்டியல் மட்டும்தான்."

பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். எண்ணுக்கு நேரே விடையின் எழுத்து, ஓரத்தில் மொத்த மதிப்பெண். ஆ, ஆ, ஆ என்று தாள் முழுவதும் கொட்டாவி விட்டது. ஏழாம் எண்ணுக்கு நேரே மட்டும் அ.

"இந்த ஏழு மத்த கேள்வியில எப்படி?"

"அறுபதுக்கு அறுபது."

"சரிதான். நாட்டுல ஒரே ஒரு யோக்கியன்" என்றாள் துல்மா. "அவனைக் கண்டுபிடிச்சு மியூசியத்துல வெக்கணும்."

*

பள்ளிக்கூடம் நகரத்தின் வடக்குச் சாலையை ஒட்டி இருந்தது. வாசல் கேட்டைத் தாண்டியதும் முற்றத்தில் ஒரு வெள்ளை கெர் கூடாரம். வெளிநாட்டு விருந்தினருக்கு விருந்து வைப்பதற்காகவே போட்ட கம்பளிக் கூடாரம். அது கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. விருந்தினர்கள் பனியில் அதை ஒரு சுற்றுச் சுற்றிப்போய்த்தான் உள்ளே நுழைய வேண்டும்.

தலைவர் யோந்தோன் தன் அறையில் இருந்தார். முன்பு கட்சிப் பள்ளியில் விஞ்ஞான கம்யூனிசம் போதித்தவர். அவருக்குப் பின்னால் சுவரில் அறக்கட்டளையின் நிறுவனர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பழைய படத்தின் ஆணியே போதுமானதாக இருந்தது. பழைய சட்டம் பெரியது என்பதால் நிறுவனரைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது, ஒளிவட்டம் போல.

"ஹந்த்சுரேன் நல்லவங்கதான். ஆனா பழைய ஆட்சிப் பழக்கம் போகலையே! எல்லாரையும் ஒரே மாதிரி யோசிக்க வெக்கிறது!" யோந்தோன் வருத்தத்துடன் தலையை ஆட்டினார்.

"நீங்களும் தேர்வு எழுதினீங்களாமே தலைவரே?" என்றார் நம்ஸ்ராய்.

"ஆமா. சான்றிதழ் வாங்கினாத்தான் ஒரு வருஷம் வியன்னாவுக்கு அனுப்புவாங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? நான் இந்த அறையிலேயே எழுதினேன். டெலிபோன் வந்தா யார் எடுக்கிறது?"

"விடைத்தாள் எங்க இருந்துச்சு? திருத்துறதுக்கான தாள்?"

"எதுக்குக் கேக்கறீங்க? இந்த இரும்புப் பெட்டியிலதான். உறை மேல அரக்கு, அரக்கு மேல என் வட்ட முத்திரை. தேர்வு முடிஞ்சு மூணு பேர் முன்னாடி நானே பிரிச்சேன். முத்திரை அப்படியே இருந்துச்சு. சாட்சிக் கையெழுத்தும் இருக்கு."

"முத்திரை யார்கிட்ட இருக்கும்?"

"என் சட்டைப் பையில. தூங்கும்போதும்."

"உங்க வீட்டம்மா ரொம்பப் பொறுமைசாலி" என்றாள் துல்மா. "அந்த ஏழாம் நம்பர் யாரு தலைவரே?"

யோந்தோன் அடக்கமாகப் புன்னகைத்தார். "பேரெல்லாம் ரகசியம். லெஹ்னர் அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு. யாரோ ஒரு திறமைசாலி."

*

கேள்வி தெரியாமல் விடையைத் துப்பறிய முடியாது. பிடிக்கக்கூடிய நூல் ஒன்றே ஒன்று: தேர்வு எழுதியவர்களில் ஒருவரைப் பேசவைப்பது. பக்கத்தில் இருந்தவர் பல் மருத்துவர் ஒதோன். மங்கோலியப் பற்களை விட்டு வெளிநாட்டுப் பற்களுக்கு முன்னேற அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது.

"சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் ஒதோன்.

"எழுபது வருஷம் கையெழுத்துப் போட்டே வளர்ந்தோம். எதை நிறைவேத்தினோம் டாக்டரம்மா?" என்றாள் துல்மா.

ஒதோன் யோசித்தார். பிறகு நம்ஸ்ராயை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, வாயைத் திறக்க வைத்து, கடைவாய்ப் பல்லில் கருவியை வைத்தார்.

"மனுஷங்ககிட்டதான் சொல்லக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் இந்தப் பல்லுகிட்ட பேசறேன். கேளு பல்லே, ஒரு சின்னக் கதை குடுத்திருந்தாங்க. 'குளிர்காலம். தோல்கர் கெர் கூடாரத்தின் கதவைத் திறந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. எனக்குப் பசிக்கிறது என்றாள். அவள் அடுத்து என்ன செய்வாள்?' அ, காலைச் சாப்பாடு சாப்பிடுவாள். ஆ, மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். இ, தூங்கப் போவாள்."

"ஆஆ" என்றார் நம்ஸ்ராய்.

"கரெக்ட். ஆதான். நானும் அதைத்தான் எழுதினேன்."

கருவி வெளியே வந்ததும் நம்ஸ்ராய் தாடையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுன்னு கத்தினேன்மா. ஆனாலும் விடை அதானே?"

"பின்ன வேற என்ன? இதுக்கு டீச்சர் வேற வந்து சொல்லித்தரணுமா? என் பையனே சொல்லுவான். அவனுக்கு நாலு வயசு."

படியிறங்கும்போது துல்மா முதல் முறையாகக் கிண்டல் செய்ய மறந்துபோனாள். "அண்ணே, நானும் ஆதான் சொல்லியிருப்பேன். நீங்களும் அதான். அப்போ நாற்பத்தோரு பேரும் சரியாத்தானே எழுதியிருக்காங்க? இதுல தப்பு எங்க?"

"தெரியலையே" என்றார் நம்ஸ்ராய். "பதினோரு நாட்டுல இருக்கிறவன் எல்லாம் எப்படி காலைச் சாப்பாடுன்னு எழுதினான்?"

"மதியம் வரைக்கும் தூங்குவாங்களோ?"

மணி பதினொன்றரை.

*

லெஹ்னர் அம்மாள் ஓட்டல் உணவறையில் அவித்த முட்டையைக் கத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நேர்மையான முகம், முழங்கைக்குப் பக்கத்தில் பச்சைக் கோப்பு. நம்ஸ்ராய்க்கு ஆங்கிலம் தெரியாது. லெஹ்னருக்கு மங்கோலிய மொழி தெரியாது. எனவே ஆங்கிலப் பள்ளியின் எதிர்காலம் குறித்த அந்த முக்கியமான பேச்சுவார்த்தை, இருவரும் பள்ளியில் படித்திருந்த ரஷ்ய மொழியில் சரளமாக நடந்தது.

"உங்களுக்கு முப்பத்தேழாவது கேள்வி தெரிஞ்சிருக்கு. அதுவே விதிமீறல்" என்றார் லெஹ்னர்.

"என் பல்லுக்குத்தான்மா தெரியும். அந்தக் கதை எல்லா நாட்டுக்கும் ஒண்ணா?"

"ஒரே கதைதான். ஆனா நாங்க ஒவ்வொரு நாட்டையும் மதிக்கிறவங்க. உள்ளூர் மணம் சேர்க்க எங்ககிட்ட ஒரு குழுவே இருக்கு. மூலக்கதையில மரியா, வீடு. இங்க தோல்கர், கெர். ரெண்டே ரெண்டு சொல்தான் மாத்தினோம். வேற எதுவும் மாறல."

நம்ஸ்ராய் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்: "வியன்னாவுல உங்க வீட்டு வாசக்கதவு எந்தத் திசையில இருக்கும்மா?"

லெஹ்னரின் கத்தி நின்றது. "தெருப் பக்கம்."

"தெரு எந்தத் திசையில?"

"தெரியலையே... ட்ராம் போற பக்கம். எதுக்குக் கேட்கிறீங்க?"

துல்மா அவரை ஆழ்ந்த அனுதாபத்துடன் பார்த்தாள், பெற்றோர் பெயர் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல.

நம்ஸ்ராய் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. "ஒரு மணிக்குத் தலைவர் கெர்ல விருந்து குடுக்கிறாராமே. எங்களையும் கூப்பிடுங்க. அந்தக் கோப்பை மறக்காம எடுத்துட்டு வாங்க."

*

ஒரு மணிக்கு எல்லோரும் கூடாரத்தைச் சுற்றி வந்து, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, உள்ளே உட்கார்ந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் லெஹ்னர். அவருக்குப் பக்கத்தில் யோந்தோன். டீச்சர் ஹந்த்சுரேன் ஓரமாக, தன் தலையெழுத்து எழுதப்படும் பேனாவையே பார்த்துக்கொண்டு. நடுவில் அடுப்பு. அடுப்பின் மேல் பூஸ், ஆட்டிறைச்சி அடைத்த கொழுக்கட்டை, ஆவியில் வெந்துகொண்டிருந்தது.

"தாராளமா சாப்பிடுங்க. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்" என்றார் யோந்தோன், பேனாவை நகர்த்தி லெஹ்னரின் கைக்கு அருகில் வைத்தபடி.

நம்ஸ்ராய் இருமினார். "புகை ஜாஸ்தியா இருக்கு. அம்மா, சிரமம் பார்க்காம அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறீங்களா?"

"விருந்தாளியையா வேலை வாங்குறது!" என்று யோந்தோன் பதறுவதற்குள் லெஹ்னர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, கையால் மறைத்தபடி நின்றார்.

"மணி என்னம்மா?"

"ஒன்று ஐந்து."

"பசிக்குதா?"

"ரொம்ப."

"இப்ப அடுத்து என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? மதியச் சாப்பா..."

லெஹ்னர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே பார்த்தார், சூரியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குளிர் உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. யாரும் கதவை மூடச் சொல்லவில்லை.

"எங்க ஊர்ல கெர் கூடாரத்தோட கதவு எப்பவும் தெற்கேதான்மா. பாலைவனத்துல போட்டாலும் சரி, காட்டுல போட்டாலும் சரி. அதனால வெயில் நேரா முகத்துல அடிச்சா, அது நடுப்பகல். நாங்க கடிகாரமே இல்லாம சாப்பிட்டு வளர்ந்தது இப்படித்தான். மரியாவோட வீட்டுக் கதவு எந்தப் பக்கம் வேணா இருக்கலாம். அவ கதவைத் திறந்து வெயிலைப் பார்த்தா, உங்க ஆளுங்க விடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. நீங்க மரியாவை எடுத்துட்டு தோல்கரை வெச்சீங்க. வீட்டை எடுத்துட்டு கெர் வெச்சீங்க. விடையை மட்டும் மாத்த மறந்துட்டீங்க."

"ஒரே பள்ளத்துல விழல அம்மா" என்றாள் துல்மா. "பாதையில நடந்தாங்க. பள்ளம் வெட்டினது உங்க மணக் குழு."

ஹந்த்சுரேன் டீச்சர் மூச்சை விட்டார். அன்று காலையிலிருந்து அவர் விட்ட முதல் மூச்சு அதுவாகத்தான் இருக்கும்.

யோந்தோன் சட்டென்று எழுந்தார். கட்சி மாறுவதில் அவருக்குப் பழைய அனுபவம் உண்டு. "நான் அப்பவே சொன்னேன்! நம்ம பாரம்பரியத்தை மதிக்கணும்னு! டீச்சர், வாழ்த்துகள்! எல்லாரும் பூஸ் எடுத்துக்கங்க!"

"இருங்க தலைவரே, கணக்குல இன்னும் ஒருத்தர் பாக்கி. ஏழாம் நம்பர்" என்றார் நம்ஸ்ராய்.

யோந்தோனின் கையில் இருந்த பூஸ் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"அவர் மட்டும் காலைச் சாப்பாடுன்னு எழுதியிருக்கார்" என்றார் லெஹ்னர் மெதுவாக.

"அது... வெளிநாட்டுக்காரங்க மாதிரி யோசிச்சிருக்கலாம்" என்றார் யோந்தோன். "அதுவும் ஒரு திறமைதானே? இல்ல, நகரத்து ஆளா இருக்கலாம். அடுக்குமாடியில பொறந்தவனுக்குக் கெர் கதவைப் பத்தி என்ன தெரியும்?"

"நியாயம்" என்றார் நம்ஸ்ராய். "டீச்சர், இந்தக் கூடாரம் கேட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குதே, யாரும் குறை சொல்லலையா?"

ஹந்த்சுரேன் நிமிர்ந்தார். "சொன்னாங்க சார். போன வருஷம் லெஹ்னர் அம்மாதான். போட்டோவுல பேனர் தெரியணும், கதவைக் கேட் பக்கம் திருப்பி வைங்கன்னு கேட்டாங்க. தலைவர் முடியாதுன்னு கடிதம் போட்டார். நான்தான் ஆங்கிலத்துல எழுதிக் கொடுத்தேன்."

லெஹ்னர் ஏற்கனவே தன் இடத்துக்குத் திரும்பிப் பச்சைக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக ரஷ்ய மொழியில் சொன்னார்:

"'கெர் கூடாரத்தின் கதவைத் தெற்கே அன்றி வேறு திசையில் வைக்க இயலாது. நடுப்பகல் வெயில் வாசல் வழியே நேராக உள்ளே வர வேண்டும். அதைக் கண்டே எம் மக்கள் மதிய உணவு வேளையை அறிகின்றனர். இதை எங்கள் நாட்டில் சிறு பிள்ளையும் அறியும்.' கீழே யோந்தோன்னு கையெழுத்து. வட்ட முத்திரை."

பிறகு கோப்பின் கடைசியில் இருந்த சிறிய உறையைக் கிழித்தார். அதில் பெயர்ப் பட்டியல். ஏழாவது வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. விரல் நின்ற இடத்திலிருந்து பார்வை உயர்ந்து, பக்கத்தில் பூஸும் கையுமாக இருந்த யோந்தோன் மேல் நின்றது.

"பயப்படாதீங்க அம்மா" என்றாள் துல்மா. "ஐந்தாண்டுத் திட்டத்தையே நூத்தி ரெண்டு சதவீதம் முடிச்சுக் காட்டினவர். அறுபதுக்கு ஐம்பத்தொன்பது எடுக்க அவருக்கு மனசு வரல. ஒண்ணை விட்டிருந்தா இன்னிக்கு வியன்னாவுல இருந்திருப்பார்."

யோந்தோன் பூஸைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

லெஹ்னர் தயாராக வைத்திருந்த அறிக்கையை நாலாக மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, துல்மாவிடம் பேனாவைக் கொடுத்தார்.

"ரஷ்ய மொழியிலேயே எழுதுங்க. என்ன எழுதணும் திரு நம்ஸ்ராய்?"

நம்ஸ்ராய் கடைவாயைத் தடவிக்கொண்டு சொல்லச் சொல்ல, துல்மா எழுதினாள்:

"முப்பத்தேழாம் கேள்விக்கு அறக்கட்டளை அச்சடித்த விடை தவறு. நாற்பத்தோரு பேர் கேள்வியைப் படித்துச் சரியாக எழுதினார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஒருவர் மட்டும், சரியான விடை தெரிந்திருந்தும் தவறான விடையை எழுதினார். அந்தத் தவறான விடை உலான்பாத்தரில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அந்தத் தாள் இருந்த பெட்டியும், உறையைப் பிரித்தபின் திரும்ப ஒட்டத் தேவையான முத்திரையும் அவரிடமே இருந்தன. தேர்வு அன்று அவர் அந்தப் பெட்டியுடன் அறையில் தனியாக இருந்தார். ஆகவே இந்தத் தேர்வில் காப்பி அடித்தவர் ஒருவர்தான்: அறுபதுக்கு அறுபது வாங்கியவர்."